வீட்டில் ஓட்ட எக்சர்சைஸ் பைக்: காலை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக முதலில் எழுதிவிடுகிறேன். இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் புரிய வேண்டும். வேளச்சேரியில் இரண்டாவது மாடி ஃப்ளாட். உங்களுக்கு 42 வயது, உயரம் 5 அடி 9 அங்குலம், எடை 88 கிலோ, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. மனைவி 5 அடி 1. அம்மாவுக்கு 68 வயது, இரண்டு மூட்டிலும் தேய்மானம், டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொல்லியிருக்கிறார். வீட்டில் நாலு வயதுக் குழந்தை. ஹாலில் 5 அடிக்கு 3 அடி இடம், பட்ஜெட் 20,000 ரூபாய். தள்ளுபடியில் கிடைக்கும் 20 கிலோ ஃப்ளைவீல் (மிதித்தால் சுழலும் கனத்த சக்கரம்) உள்ள ஸ்பின் பைக்கை வாங்குவதா, கைப்பிடியும் சேர்ந்து முன்னும் பின்னும் ஆடுகிற ஏர் பைக்கை வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் வீட்டுக்கு இரண்டும் வேண்டாம். வேறு எது, ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

பதின்மூன்று வருடமாக வீடுகளிலும் ஜிம்களிலும் இந்தக் கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் வேலை. "ஓட்ட முடியல, என்னன்னு பாருங்க" என்று கூப்பிடுகிற பல வீடுகளில் கருவியில் கோளாறே இருக்காது. முதல் நாள் பொருத்திவிட்டுப் போனவர் எந்த ஓட்டையில் சீட்டை வைத்தாரோ, ஆறு மாதம் கழித்தும் அதே ஓட்டையில் இருக்கும். அந்த உயரத்தில் யார் ஓட்டினாலும் முட்டி வலிக்கத்தான் செய்யும். பத்து நாளில் ஆசை விட்டுப்போகும், பைக் மூலைக்குப் போகும்.

இதை நான் கற்றுக்கொண்டது என் அப்பாவிடம். அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஜிம்மில் கழித்துவிட்ட ஸ்பின் பைக்கை வாங்கி, பேரிங் மாற்றி, பெயின்ட் அடித்து, ஆசையாக வீட்டில் கொண்டுவந்து வைத்தேன். அருமையான இரும்பு, அசையாது. அப்பா பதினோரு நாள் ஓட்டினார், அப்புறம் தொடவில்லை. கேட்டால் "கால் வலிக்குதுடா" என்பார். அம்மாதான் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏறும்போது ஒரு கையால செவுத்தப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால காலத் தூக்கி அந்தப் பக்கம் போடுறாருடா. விழுந்துருவாரோன்னு எனக்குப் பக்குன்னு இருக்கு." நடுச்சட்டத்தைத் தாண்டிக் கால் போட முடியவில்லை என்பதை மகனிடம் சொல்ல அவருக்குக் கூச்சம். நானும் பேரிங்கைப் பார்த்தேன், பெல்ட்டைப் பார்த்தேன், அப்பாவின் காலைப் பார்க்கவில்லை.

அதனால் உங்கள் வீட்டிலும் நான் அம்மாவிடமிருந்துதான் தொடங்குவேன். மூன்று பேரில் சைக்கிள் மிகவும் தேவைப்படுவது அவருக்கு. நீங்களும் மனைவியும் மாடிப்படி ஏறலாம், நடைப்பயிற்சிக்குப் போகலாம். தேய்ந்த மூட்டுக்கு உடம்பின் எடையைத் தாங்காமல் முட்டியை மடக்கி நீட்ட ஒரு வழி வேண்டும், தொடைத் தசை வலுப்பட வேண்டும். சைக்கிள் இரண்டையும் செய்யும். ஆனால் அதில் ஏறி உட்கார்ந்தால்தானே?

கடைக்குப் போகும் முன் மூன்று பேருடைய உள்கால் அளவையும் எடுங்கள். செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நிற்க வேண்டும். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அவ்வளவு மேலே தூக்கிப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை டேப்பால் அளந்தால் அதுதான் உள்கால் அளவு. அதை 0.88-ஆல் பெருக்குங்கள். பெடல் தண்டு சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை ஏறத்தாழ அந்தத் தூரம் வர வேண்டும். உங்களுக்கு உள்கால் 81 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 71 செ.மீ. மனைவிக்கு 71 என்றால் சுமார் 62. அம்மாவுக்கு 67 என்றால் 59. ஆக, நேராக உட்கார்ந்து ஓட்டும் எந்த பைக்காக இருந்தாலும் சீட் 59-லிருந்து 71 வரை இறங்கி ஏற வேண்டும். மேலே போவது பெரும்பாலும் பிரச்சினை இல்லை. கீழே இறங்குவதில்தான் பல மாடல்கள் தோற்கும், அதிலும் ஸ்பின் பைக்குகள். இணையத்தில் வாங்குவதாக இருந்தால் "சீட்டின் குறைந்தபட்ச உயரம் எவ்வளவு" என்று விற்பவரிடம் எழுதிக் கேளுங்கள். அச்சிலிருந்தா, தரையிலிருந்தா என்றும் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த பைக்கை விட்டுவிடலாம்.

இந்த 0.88 ரோட்டில் ஓட்டுகிற சைக்கிள்காரர்களின் கணக்கு, தொடக்கத்துக்கு மட்டும்தான். ஏறி உட்கார்ந்ததும் குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலைக் கீழே கொண்டுவாருங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. அப்புறம் பாதத்தின் முன்பகுதியை வைத்து ஓட்டினால் முட்டி தானாகவே 25 முதல் 35 டிகிரி மடிந்திருக்கும். அதுதான் சரியான உயரம். சீட் தாழ்வாக இருந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும், மிக உயரமாக இருந்தால் பின்பக்கம் இழுக்கும். நம் வீடுகளில் தவறு பெரும்பாலும் தாழ்வாக வைப்பதில்தான் நடக்கிறது. தரையில் கால் ஊன்ற வேண்டும் என்ற பயத்தில் இறக்கி வைக்கிறார்கள். ரோட்டில் அது நியாயம், நின்ற இடத்தில் நிற்கிற பைக்கில் அதற்குத் தேவையே இல்லை.

அம்மா விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பெடல் மேலே வரும்போது முட்டி நன்றாக மடங்கியாக வேண்டும். சாதாரணமாக ஒரு முழுச் சுற்றுக்கு சுமார் 110 டிகிரி மடக்கம் தேவைப்படும். தேய்மானம் அதிகமானவர்களுக்கு அவ்வளவு மடங்காது. அவர்கள் பெடலை மேலே கொண்டுவரும்போது இடுப்பைத் தூக்குவார்கள், அடுத்த நாள் இடுப்பும் சேர்ந்து வலிக்கும். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் குதிகால் நாற்காலிக்கு அடியில் எவ்வளவு உள்ளே போகிறது என்று பாருங்கள். சாதாரணமாக உட்காரும் 90 டிகிரியைத் தாண்டி வலியில்லாமல் உள்ளே போனால் நல்லது. போகவில்லை என்றால் பிசியோதெரபிஸ்டிடம் ஒரு தடவை காட்டிவிட்டு வாங்குங்கள். பெடல் தண்டு நீளம் குறைவாக இருந்தால் மடக்கமும் குறையும். பெரியவர்களுக்கான சைக்கிள்களில் 170 மி.மீ. தண்டு வழக்கம், குள்ளமானவர்களுக்கு அது நீளம்தான்.

சரி, இப்போது ஸ்பின் பைக்குக்கு வருவோம். அது எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால் உங்கள் வீட்டுக்கு ஏன் வேண்டாம் என்கிறேன் என்பது விளங்கும். தென்னாப்பிரிக்காவில் பிறந்து கலிபோர்னியாவில் குடியேறிய ஜானி ஜி என்ற சைக்கிள் வீரர், அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் நெடுந்தூரப் பந்தயத்துக்குத் தயாராக, வீட்டுக்குள்ளேயே ரோட்டு சைக்கிள் போல ஓட்ட ஒன்று வேண்டுமென்று 1980-களில் தானே செய்துகொண்டது அது. 1990-களின் நடுவில் ஷ்வின் நிறுவனம் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. எழுந்து நின்று மிதிப்பது, முன்னால் குனிந்து ஓட்டுவது, கனத்த சக்கரத்தின் வேகத்தோடு போவது என்று எல்லாமே பந்தயக்காரருக்கான ஏற்பாடு.

அதன் சக்கரம் பெடலோடு நேராகப் பூட்டப்பட்டது. ரோட்டு சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் பெடல் நிற்கும், சக்கரம் மட்டும் ஓடும். பெரும்பாலான ஸ்பின் பைக்குகளில் அப்படி இல்லை. சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும். 20 கிலோ இரும்பு வேகமெடுத்த பிறகு காலை நிறுத்தப் பார்த்தால் பெடல் உங்கள் காலை இழுத்துக்கொண்டு போகும். நடுவிலுள்ள குமிழை அழுத்தினால்தான் பிரேக் பிடிக்கும். தேய்ந்த மூட்டுள்ள 68 வயதுக்காரர் பதற்றத்தில் காலை எடுத்தால், சுற்றி வரும் பெடல் கெண்டைக்காலில் அடிக்கும். குழந்தையோ, நாலு வயதில் சுற்றுகிற எதையும் தொட்டுப் பார்க்கும். ஒரு வீட்டில் பிள்ளை பெடலைக் கையால் வேகமாகச் சுற்றிவிட்டு, கவர் இல்லாத சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே விரலைக் கொண்டுபோனதை நானே பார்த்து ஓடிப்போய் இழுத்தேன். இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. ஸ்பின் பைக் உள்ள வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், ஓட்டி முடித்ததும் இறுக்கும் குமிழை முழுவதும் திருகிப் பூட்டிவிட வேண்டும். இதைத் தினமும் மூன்று பேரும் மறக்காமல் செய்ய வேண்டும்.

கடையில் இதைச் சோதிப்பது சுலபம். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். சக்கரம் அசையாமல் பெடல் மட்டும் சுலபமாகச் சுற்றினால் அது ஃப்ரீவீல் உள்ள பைக். உங்கள் வீட்டுக்கு அதுதான்.

ஃப்ளைவீல் கிலோ விளம்பரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் 20 கிலோ என்பதை இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். கனமான சக்கரம் எதற்கு? பெடல் மேலும் கீழும் வரும் இடங்களில் கால் பலம் கொடுக்க முடியாத ஒரு சின்னத் தொய்வு வரும். சக்கரத்தில் சேர்ந்திருக்கும் வேகம் அந்தத் தொய்வைக் கடத்திவிடும், ஓட்டம் வழுவழுப்பாக இருக்கும். ஆனால் சேரும் சக்தி எடையை மட்டும் பொறுத்ததல்ல. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அதன் வர்க்கத்தையும், அதாவது அந்த வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி வருவதையும் பொறுத்தது. ஒரே அளவு விட்டமுள்ள இரண்டு சக்கரங்களை எடுத்துக்கொள்வோம். 18 கிலோ சக்கரம் பெடல் ஒருமுறை சுற்றினால் 4 முறை சுற்றுகிறது, 6 கிலோ சக்கரம் 8 முறை சுற்றுகிறது. கணக்குப் போட்டால் 18-ஐ 16-ஆல் பெருக்க 288, 6-ஐ 64-ஆல் பெருக்க 384. எடை குறைந்ததுதான் அதிக சக்தி வைத்திருக்கிறது. மூடிய கவருக்குள் சின்னச் சக்கரம் வைத்த நல்ல மேக்னடிக் பைக்குகள் (காந்தத்தால் இறுக்கம் தருபவை) இப்படித்தான் வேலை செய்கின்றன. எனவே கிலோவை நம்பி வாங்காதீர்கள். இறுக்கத்தை நடுவில் வைத்து, மெதுவாக, நிமிடத்துக்கு 50 சுற்று ஓட்டிப் பாருங்கள். கால் மேலே வரும்போது திக்கித் திக்கிப் போனால் அது நல்ல பைக் இல்லை. வேகமாக ஓட்டினால் எல்லா பைக்கும் வழுவழுப்பாகத்தான் தெரியும், கடைக்காரர் உங்களை வேகமாகத்தான் ஓட்டச் சொல்வார்.

இறுக்கம் கொடுக்கும் முறை இதைவிட முக்கியம். விலை குறைந்தவற்றில் ஒரு கம்பளித் துண்டோ ரப்பர் பட்டையோ சக்கரத்தை அழுத்தும். அது தேயும், தூசி கொட்டும், சூடேறினால் கருகல் வாடை வரும், காய்ந்துபோனால் கீச்சென்று கத்தும். மாற்றுவதற்குச் செலவு குறைவுதான், ஆனால் இன்று வைத்த இறுக்கம் நாளைக்கு அதே இடத்தில் இருக்காது. மேக்னடிக் முறையில் காந்தம் சக்கரத்தைத் தொடாமல் பக்கத்தில் வந்து நிற்கும். உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி அதுவே சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். தேய்வதற்கு எதுவுமில்லை, சத்தமும் இல்லை. மூன்றாம் எண்ணில் வைத்தால் அடுத்த வருடமும் அதே மூன்றாம் எண்தான். அம்மாவுக்கு டாக்டர் "லேசா வச்சு ஓட்டுங்க" என்று சொன்னால், அந்த லேசு என்பது தினமும் ஒரே லேசாக இருக்க வேண்டும் அல்லவா? அதற்காகவே மேக்னடிக் என்கிறேன்.

ஏர் பைக் என்று நீங்கள் பார்த்தது உண்மையில் ஏர் பைக்காக இருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம். நிஜமான ஏர் பைக்கில் முன்னால் பெரிய விசிறி இருக்கும். வேகமாக மிதிக்க மிதிக்கக் காற்றின் எதிர்ப்பு கூடிக்கொண்டே போகும், வேகம் இரட்டிப்பானால் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ எட்டு மடங்காகும். கடுமையான பயிற்சி செய்கிறவர்களின் கருவி அது, இரைச்சலும் அதிகம். இந்தப் பெயரில் நம் ஊரில் விலை மலிவாக விற்பவற்றில் நான் திறந்து பார்த்தவை பெரும்பாலும் செயின், அழுத்தும் பட்டை, ஆடுகிற கைப்பிடி, அவ்வளவுதான். கைப்பிடியின் கீழ் மூட்டில் உள்ள புஷ் என்ற சின்ன வளையம் சீக்கிரம் தேய்ந்து கடகடவென்று ஆடும். கீழ் வீட்டுக்காரர் இருக்கிற ஃப்ளாட்டில், காலை ஐந்தரை மணிக்கு அந்தச் சத்தம் வேண்டாம். செயினை விட பெல்ட் அமைதி, ஆயில் போடும் வேலையும் இல்லை. பெல்ட்டாகவே பாருங்கள். அடியில் ரப்பர் மேட் ஒன்று கட்டாயம் போடுங்கள். டைல்ஸ் தரையில் பைக் வழுக்கும், வியர்வை விழுந்தால் ஆளும் வழுக்குவார்.

மேஜைக்கு அடியில் வைக்கிற குட்டிப் பெடல் கருவியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மாவுக்கு அது போதுமே என்று யாராவது சொல்வார்கள். படுக்கையிலிருந்து மெல்ல எழுந்து வருகிறவர்களுக்கு அது உதவும். மற்றவர்களுக்குப் போதாது. மிதித்தால் முன்னால் நகர்ந்துகொண்டே போகும், இறுக்கினால் நடுத்தண்டு தொட முடியாத அளவு சூடாகும்.

இப்போது திரை. வேகம், தூரம், நேரம், கலோரி என்று காட்டும் பெட்டியை வைத்தே பலர் பைக்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பாலான மலிவு மாடல்களில் அந்தப் பெட்டிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, பெடல் எத்தனை முறை சுற்றியது என்பது. ஒரு சின்னக் காந்தமும் ஒரு சுவிட்சும் அதை எண்ணுகின்றன. மற்றதெல்லாம் அதிலிருந்து பெருக்கிக் காட்டுவது. சோதித்துப் பார்க்கலாம்: நிமிடத்துக்கு 60 சுற்று என்று ஒரே வேகத்தில் இறுக்கமே இல்லாமல் ஒரு நிமிடம், முழு இறுக்கத்தில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். இரண்டிலும் கலோரி ஒரே அளவு ஏறினால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. வாட்ஸ் காட்டுகிற பைக் என்றால் ஓரளவு கணக்குப் போடலாம். 100 வாட்ஸில் 30 நிமிடம் ஓட்டினால் பெடலில் இறங்கும் வேலை 180 கிலோஜூல், அதாவது 43 கிலோகலோரி. மனித உடம்பு எரிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரைதான் பெடலுக்குப் போகும், மீதி வெப்பம். எனவே உடம்பு செலவழித்தது சுமார் 170 முதல் 215 கிலோகலோரி. புதிதாகத் தொடங்குகிற ஒருவருக்கு அரை மணி நேரத்தில் 500 என்று திரை காட்டினால் நம்ப வேண்டாம், அதை நம்பி மூன்று தோசை கூடுதலாகச் சாப்பிடவும் வேண்டாம்.

செயலியோடு இணைத்து ஓட்ட ஆசை இருந்தால், எஃப்.டி.எம்.எஸ். என்ற புளூடூத் முறை இருக்கிறதா என்று கேளுங்கள். அது இருந்தால் எந்தச் செயலியோடும் பெரும்பாலும் பேசும். இல்லாவிட்டால் அந்த நிறுவனத்தின் சொந்தச் செயலி நின்றுபோகும் நாளில் உங்கள் திரையும் நின்றுவிடும். உங்கள் பட்ஜெட்டில் இதற்காகப் பணம் கூட்டாதீர்கள் என்பதுதான் என் எண்ணம். ஃபோன் வைக்க ஒரு தாங்கி போதும்.

வாங்குமுன் பார்க்க வேண்டிய எழுத்து ஒன்று உண்டு. அட்டைப்பெட்டியிலோ கையேட்டிலோ ஐ.எஸ்.ஓ. 20957 அல்லது பழைய இ.என். 957 என்று போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். உடற்பயிற்சிக் கருவிகளின் பாதுகாப்புக்கான தரம் அது. அதோடு ஆங்கில எச் எழுத்து இருந்தால் வீட்டு உபயோகம், எஸ் இருந்தால் ஜிம் உபயோகம். பக்கத்தில் ஏ, பி, சி என்று வருவது காட்டும் அளவு எவ்வளவு துல்லியம் என்பதற்கு, ஏ தான் மேல். எடைத் தாங்கும் அளவு உங்கள் எடையை விட 25 கிலோவாவது கூடுதலாக இருக்கட்டும். 88 கிலோ ஆளுக்கு 100 கிலோ தாங்கும் பைக் வாங்கினால் முதலில் ஆடத் தொடங்குவது சீட் தண்டுதான்.

சீட் தண்டை நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 2023 மே மாதம், அங்கே மிகவும் பிரபலமான பெலோட்டான் பைக்குகளில், ஓட்டும்போதே சீட் தண்டு உடைந்து ஆட்கள் விழுந்ததாகப் புகார்கள் வந்ததால், சுமார் 22 லட்சம் பைக்குகளுக்கு அந்தத் தண்டை மாற்றித்தர வேண்டி வந்தது. அவ்வளவு விலை உயர்ந்த கருவியிலேயே அப்படி என்றால் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தண்டில் "இதற்கு மேல் தூக்காதே" என்ற கோடு இருக்கும். உங்களுக்கு வேண்டிய 71 செ.மீ. அந்தக் கோட்டுக்குக் கீழே வர வேண்டும். கோட்டைத் தாண்டித்தான் உங்கள் உயரம் வருகிறது என்றால் அந்த பைக் உங்களுக்குச் சின்னது.

பைக் வந்து இறங்கும் நாளில் நீங்கள் வீட்டில் இருங்கள். இடது பெடலின் மரை தலைகீழ். வலது பெடலை வழக்கம் போல வலப்பக்கம் திருகி இறுக்க வேண்டும், இடது பெடலை இடப்பக்கம் திருகி இறுக்க வேண்டும். அச்சில் எல், ஆர் என்று எழுதியிருக்கும். பொருத்த வருகிற பையன் ஒரு நாளில் பத்து வீடு பார்க்கிறவனாக இருப்பான். அவசரத்தில் கோணலாக நுழைத்து ஸ்பேனரால் முறுக்கிவிட்டுப் போய்விடுவான். அன்று ஓடும். இரண்டு மூன்று வாரத்தில் டக் டக் என்று சத்தம் வரும், அப்புறம் பெடல் கையோடு வந்துவிடும், தண்டில் மரை போயிருக்கும். எனக்கு வருகிற அழைப்புகளில் மிக அதிகமான பழுது இதுதான். தண்டையே மாற்ற வேண்டும், அதே மாடல் தண்டு கிடைப்பது பெரிய பாடு. முதல் நாலைந்து சுற்றைக் கையாலேயே திருகச் சொல்லுங்கள். கையால் சுலபமாக நுழைந்தால்தான் மரை சரியாகப் பிடித்திருக்கிறது. ஒரு வாரம் ஓட்டிய பிறகு பெடலையும் தண்டு போல்ட்டையும் நீங்களே ஒரு தடவை இறுக்கிவிடுங்கள்.

நீங்கள் இருப்பது சென்னை. உப்புக் காற்று, வியர்வை இரண்டும் சேர்ந்து இரும்பைத் தின்னும். பால்கனியில் வைக்காதீர்கள். ஓட்டி முடித்ததும் கைப்பிடிக்குக் கீழே உள்ள கழுத்துப் பகுதியைத் துணியால் துடையுங்கள், வியர்வை சொட்டுவது அங்கேதான். மாதம் ஒருமுறை சீட் தண்டை முழுவதும் வெளியே எடுத்துத் துடைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் துருப்பிடித்து அந்த உயரத்திலேயே இறுகிவிடும். எதிரே ஒரு டேபிள் ஃபேன் கட்டாயம். ரோட்டில் ஓட்டினால் காற்று நம்மைத் தேடி வரும், அறைக்குள் வராது. வியர்வை காயாமல் உடம்பு சூடேறி, பதினைந்து நிமிடத்தில் களைப்பு தட்டும்.

உடம்பைப் பற்றிக் கொஞ்சம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. மிதம் என்றால் பேச முடியும், பாட முடியாது, அந்த அளவு மூச்சு. உங்கள் சர்க்கரைக்கு, சாப்பிட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பதினைந்து நிமிடம் லேசாக ஓட்டுவது நல்ல பலன் தரும். பின்னால் எப்போதாவது இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ தொடங்கினால், ஓட்டும்போது சர்க்கரை இறங்கக்கூடும் என்பதை டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வெறுங்காலில் ஓட்டாதீர்கள், சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உண்டாகும் சிராய்ப்பு தெரியாமலே புண்ணாகும். அம்மாவுக்கு முதல் வாரம் ஐந்து நிமிடம் போதும், இறுக்கம் ஒன்றாம் எண். இரண்டு வேளை வேண்டுமானாலும் ஓட்டட்டும். அடுத்த நாள் மூட்டு வீங்கினால் நேரத்தைக் குறைக்க வேண்டும், வெறும் தொடை வலி என்றால் தொடரலாம். சைக்கிள் எலும்புக்கு எடை தராது, எனவே எலும்பு வலுவுக்காக அவர் கொஞ்சம் நடக்கவும் வேண்டும். முதல் பத்து நாள் உட்காரும் இடம் எல்லோருக்கும் வலிக்கும், அது பழகிவிடும். மரத்துப்போவது வேறு விஷயம். மரத்துப்போனால், சீட் உயரமாகவோ சீட்டின் மூக்கு நுனி மேல்நோக்கியோ இருக்கிறது என்று அர்த்தம், உடனே சரி பண்ணுங்கள்.

ஆகவே என் முதல் தேர்வு, ரிகம்பென்ட் என்று சொல்லப்படும் சாய்ந்து உட்காரும் பைக். நாற்காலி போல முதுகுத் தாங்கி இருக்கும், பெடல் முன்னால் இருக்கும், நடுச்சட்டம் தாழ்வாக இருப்பதால் சேலையோடு ஒரு பக்கமாக வந்து உட்கார்ந்துவிடலாம். ஏறி இறங்கும் இடத்தில் தரையிலிருந்து சட்டம் எவ்வளவு உயரம் என்று பாருங்கள், ஒரு சாண் அளவுக்கு இருந்தால் அருமை. இதற்கு நீளம் அதிகம் வேண்டும். உங்கள் 5 அடி என்பது 152 செ.மீ., பல மாடல்கள் அதற்குள் வரும், சில வராது. அதனால் செ.மீ. பார்த்துத்தான் வாங்க வேண்டும். 0.88 கணக்கு இதற்குப் பொருந்தாது. கால் நீளும் இடத்தில் முட்டி லேசாக மடிந்திருக்கும்படி சீட்டை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். அம்மா உட்காரும் போது சீட் போதுமான அளவு முன்னே வருகிறதா என்று மட்டும் பாருங்கள். உங்கள் 20,000-க்குள் மேக்னடிக், பெல்ட் என்று சாதாரணமான ஒன்று கிடைக்கும். திரை சுமாராக இருக்கும், பரவாயில்லை.

அது இடத்துக்கு அடங்கவில்லை என்றால் அடுத்தது, நடுவில் தாழ்வாகக் காலை நுழைத்து ஏறும்படியான நேர் பைக். மேக்னடிக், பெல்ட், ஃப்ரீவீல், மூடிய சக்கரம், 59-லிருந்து 71 வரை சீட், இந்த ஐந்தும் இருக்க வேண்டும். இரண்டு பெடலுக்கும் நடுவிலுள்ள அகலத்தையும் பாருங்கள். ரோட்டு சைக்கிளில் அது 15 செ.மீ. அளவில்தான் இருக்கும், சில வீட்டு பைக்குகளில் 20-ஐத் தாண்டும். மனைவி ஓட்டும்போது எதிரே நின்று பார்த்தால், முட்டி நேராக மேலும் கீழும் போக வேண்டும். உள்ளேயோ வெளியேயோ வளைந்து போனால் அந்த அகலம் அவருக்கு ஆகாது. மடக்கி வைக்கிற பைக் நான் சொல்ல மாட்டேன், உங்கள் எடைக்கு ஆடும்.

எதுவானாலும் கடைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் தானாக ஏறட்டும், நீங்கள் கையைப் பிடிக்காதீர்கள். பத்து நிமிடம் ஓட்டிவிட்டுத் தானாக இறங்கட்டும். இறங்கும்போது சுவரையோ உங்கள் தோளையோ தேடினால் அடுத்த பைக்கைப் பாருங்கள். "நல்லாருக்குப்பா" என்று வாயால் சொல்வதை நம்பாதீர்கள், உங்கள் பணம் வீணாகக் கூடாது என்று அப்படித்தான் சொல்வார்.

வீட்டுக்கு வந்ததும் மூன்று பேருக்கும் சரியான இடம் கண்டுபிடித்து, சீட் தண்டிலோ சீட் நகரும் தண்டவாளத்திலோ மூன்று நிற நெயில் பாலிஷால் கோடு போட்டுவிடுங்கள். மார்க்கர் பேனா வியர்வையில் அழிந்துவிடும். காலையில் முதலில் ஓட்டுகிறவர் நீங்களாக இருந்தாலும், இறங்கும்போது சீட்டை அம்மாவின் கோட்டில் வைத்துவிட்டுப் போங்கள். சீட்டைப் பிடித்திருக்கும் குமிழைத் தளர்த்தி நகர்த்தும் பலம் அவர் கையில் இருக்காது.